முள்ளுக்காட்டு மறைவு

பச்சை மொச்சைக்காய் உரிக்கும்போது விரல்நுனியில் ஒட்டிக்கொள்கிற நெடி. போன மாதம் மணலிச் சாலையோரம், மின்கம்பிக்கு இடைஞ்சலாக வளர்ந்துவிட்ட சீமைக்கருவேலத்தை யாரோ கழித்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நின்றிருந்தது. ஜன்னல் வழியாக அந்த நெடி ஏறிவந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. டீசல், கந்தகம், காயும் கருவாடு, கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியின் தூள் என்று எங்கள் பக்கத்துக் காற்றில் எது வந்தாலும் மூக்கு கண்டுகொள்வதில்லை. வெட்டுப்பட்ட கருவேலம் மட்டும் விதிவிலக்கு. அது வந்தால் எண்ணூர் ஆற்றங்கரை வரும். முதுகை வளைத்து நுழைய வேண்டிய ஒரு முள்வழி வரும். அந்த வழியில், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு எதிரே வந்த ஒருத்தி வருவாள்.

செல்போன் எல்லாக் கைக்கும் வந்துசேராத காலம். ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வாரமெல்லாம் யாருடைய பெட்டிகளோ, யாருடைய எடைகளோ. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என்னுடையது; அதையும் ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தேன்.

குழு என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு வங்கி ஊழியர், ஐம்பதைத் தொட்டவர். அவர்தான் தலைவர் மாதிரி. கொருக்குப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன். தேர்வு இல்லாத வாரங்களில் வந்துபோகும் கல்லூரி மாணவர்கள். பெண் என்று நான் ஒருத்தி. உப்பளத்தில் பறவை பார்த்தோம். கடற்கரையில் அறுந்து கிடக்கும் நைலான் வலைகளை இழுத்துப் போட்டோம். பள்ளிக்கூடங்களில் படம் காட்டினோம். ஆமையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள், சேற்றில் வளரும் செடியைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார்கள். வங்கிக்காரருக்கு அந்தச் சேற்றுச் செடி மேல்தான் உயிர்.

எண்ணூர் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. தெருவின் பின்பக்கம் கரை. கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் காலடியில், சேற்று விளிம்பில், அலையாத்திச் செடிகள் கொஞ்சம் ஒண்டிக்கொண்டு நின்றன. ஒரு காலத்தில் அவைதான் அந்தக் கரை. இறால் குஞ்சு ஒளிவதும், கொக்கு அடைவதும், வெள்ளம் வந்தால் மண்ணைப் பிடித்து வைப்பதும் அவற்றின் வேலை. சீமைக்கருவேலம் மேலே கவிந்ததும் வெயில் போயிற்று. மழைக்கு முன்னால் முள்ளை எடுத்துவிட்டு அலையாத்தி நாற்றும், மேட்டில் தாழையும் பூவரசும் வைப்பது என்று முடிவாயிற்று. எடுப்பது என்றால் வெட்டுவது இல்லை. வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகக் கிளைக்கும். கடப்பாரை போட்டு அடிக்கட்டையைக் கெல்லி எடுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்.

முதல் ஞாயிறு கடப்பாரை கொண்டுபோகவில்லை. இடம் பார்க்கத்தான் போனோம். ஆண்கள் கரையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் குடித்த டீ தன் வேலையைக் காட்டியது. ஆண்களுக்கு ஒரு மரம் போதும். நான் தெருவுக்குள் போனேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"இன்னாம்மா, ஒதுங்கணுமா?"

"ஆமாங்க்கா. பக்கத்துல எங்கயாவது..."

"அவசரமா, சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப கிட்டக்கயே இட்டுனு போறேன், வா." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் என்னை அழைத்துப்போனது நாங்கள் பிடுங்கப்போகிற அதே முள்காட்டுக்குள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஊசி நுழைய இடமில்லாத புதர். உள்ளே வழிகள் இருந்தன. தலைக்கு மேலே கிளைகளை விட்டுவிட்டுத் தோளுக்குக் கீழே மட்டும் கழித்து, கழித்த முள்ளைப் பக்கச் சுவராக அடுக்கி, வருடக்கணக்கில் பெண்கள் செய்து வைத்திருந்த வழிகள். ஒரு திருப்பம் கிழவிகளுக்கு, குனிய வேண்டியதில்லை. ஒரு திருப்பம் ஆற்றுப் பக்கம். அங்கே ஈ குறைவு, காற்று அதிகம். பச்சை வெளிச்சம். நாற்றம் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நுழையும் இடத்தில் ஒரு காய்ந்த முள்கிளை.

"இது குறுக்கால கெடந்தா உள்ள ஆளு கீதுன்னு அர்த்தம். தள்ளிட்டு வந்தன்னு வெச்சிக்க, நல்லா வாங்கிக் கட்டிப்ப. போறப்போ இழுத்துப் போட்டுட்டுப் போ, வர்றப்போ எடுத்துரு."

தெருக்கோடியில் ஒரு பொதுக் கழிப்பறை கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் வராததால் அது பூட்டிக் கிடந்தது. தெரு ஆண்களுக்கு இந்தக் காடு எதற்கு என்று தெரியும். தெரியாததைப் போல இருப்பார்கள். அந்தப் பக்கம் பார்வையைத் திருப்புவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்கள் வாயைத் திறக்காததால்தான் அந்த இடம் பெண்களுக்கு இடமாக இருந்தது.

திரும்பும் வழியில் அவளுடைய மகள் எதிரே வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றின் அடியில்.

"யாரும்மா இது, புதுசா கீது?"

"மரம் வெட்ற கோஷ்டிம்மே."

"ஐயே, பொம்பளைங்ககூட வெட்றாங்களா? கண்ணாலம் ஆய்ச்சாக்கா ஒனக்கு?"

ஆகவில்லை என்றேன். "அதான் ஞாயித்துக்கெழமைல மரம் வெட்ட வந்துகினுகீற" என்று சிரித்தாள். சிரித்தபோது வயிறும் சேர்ந்து ஆடியது.

அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது எம்.கே.பி. நகரில். வாரியக் குடியிருப்பு, ஒரே அறைதான், ஆனால் உள்ளேயே கக்கூஸ் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவரப் போனபோது மாமியார் மறித்திருக்கிறாள். இங்கே வசதி இருக்க அங்கே போய் முள்ளுக்குள் ஏன் குந்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். தலைச்சன் பிள்ளை ஆத்தா வீட்டில்தான் என்று இவள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்களாம். மகளே மாமியார் குரலில் சொல்லிக்காட்டினாள்:

"எங்கனா வழுக்கி கிழுக்கி வியுந்தேன்னு காதுல வுயுந்துச்சு, அன்னிக்கே வந்து இட்டுனு பூடுவேன்."

அம்மாக்காரி சிரிக்கவில்லை. "இத்த நீங்க வெட்டிட்டீங்கன்னா நாங்க ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட போவணும். இது இந்த வயித்த தூக்கிகினு தண்டவாளம் தாண்டுமா? ஒரு நாளிக்கு எத்தினி வாட்டி? எடுத்த எடுப்புல சம்பந்தி வந்து நிப்பா. தலச்சன் புள்ளைய வெச்சிப் பாக்க வக்கில்லாதவன்னு காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா. நீ பொம்பள. நீ சொல்லு அவங்களாண்ட."

சொல்கிறேன் என்றேன்.

வெளியே வந்து பார்த்தால் ஆண்கள் ஒரு படகு பிடித்து மணல்திட்டுக்கு ஆலாப் பறவை பார்க்கப் போய்விட்டிருந்தார்கள். நான் ரயில் ஏறினேன். வாரத்தில் வங்கிக்குத் தொலைபேசி செய்து, கவுண்டருக்கு எதிரே வரிசை நிற்கும்போது அவரைக் கூப்பிட்டுச் சொல்கிற செய்தியா இது? ஞாயிறு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி சொல்வாள் என்று நம்பி உட்கார்ந்திருக்க அந்த அம்மாவுக்கு என்ன அவசியம்?

அடுத்த ஞாயிறு கத்திவாக்கத்தில் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு என் ரயில் நின்றுவிட்டது. நான் போய்ச்சேர்ந்தபோது முள்காட்டின் முகப்பில் வங்கிக்காரர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். மற்றொரு காலை வெல்டிங் அண்ணன் மடியில் வைத்து ஊக்கால் முள் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அம்மா, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பக்தியே உருவாக.

"சாமி எடம் சார். இங்க கத்தி வெக்கக் கூடாது."

"தெரியும்மா, தெரியும். அதான் செருப்பைக் கழட்டிட்டு உள்ளே ரெண்டு அடி வெச்சேன்." வலியிலும் வங்கிக்காரரின் முகம் பூரித்திருந்தது. "எந்த சாமி? பேர் என்ன?"

அவள் வெல்டிங் அண்ணனின் உள்ளங்கையில் இரத்தத்தோடு கிடந்த முள்ளைப் பார்த்தாள்.

"முள்ளம்மா."

"எவ்வளவு காலமா?"

"எங்க மாமியாளுக்கு மாமியா காலத்துலேந்து."

வங்கிக்காரர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். பேச்சு தடுமாறியது. "பாருங்க, சீமைக்கருவேலம் நேத்து வந்தது. அதுக்கு அடியிலே பழைய கோயில்காடு ஒண்ணு இருந்திருக்கணும். ஜனங்க அதைக் காப்பாத்திக்கிட்டு வந்திருக்காங்க! வடசென்னையிலே ஒரு கோயில்காடு!" கோயில்காடு பார்க்கவென்றே விடுப்பு எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் பேருந்தில் போய்வந்தவர் அவர். ஆதிகாலத்திலிருந்து ஒரு கிளைகூட ஒடிக்காமல் சாமிக்கென்று விட்டுவைத்த காடுகள். தன் ஊரிலேயே ஒன்று, அதுவும் மின்சார ரயிலில் வந்துபோகிற தூரத்தில் என்றதும் அந்த மனிதர் என்ன செய்வார்?

"போன ஞாயித்துக்கெழம இந்த முள்ளம்மா இங்க இல்லியே சார்" என்றார் வெல்டிங் அண்ணன். "நடு வாரத்துல குடி வந்துச்சா?"

"நைனா, சாமியாண்ட நக்கல் வுடாத. கண்ணு பூடும்."

"வெல்டிங்காரன்மா நானு. பாதிக் கண்ணு ஏற்கெனவே பூட்ச்சு."

அம்மாக்காரி முந்தானைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். எப்படி என் வேலை என்று கேட்கிற பார்வை. நான் வங்கிக்காரரைத் தனியாகக் கூப்பிட நினைத்தேன். அதற்குள் அவர் நொண்டிக்கொண்டே தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டார். நான் எட்டுவதற்குள் பெஞ்சியில் இருந்தவர்களிடமும், கேரம் பலகையைச் சுற்றி நின்ற வாலிபர்களிடமும் சொல்லிவிட்டிருந்தார். உங்கள் தெருவுக்கு எவ்வளவு பெரிய பெருமை தெரியுமா, இந்த மாதிரி இடத்தை நாடு முழுக்கத் தேடுகிறார்கள் என்று கைகளை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஏரியாலயா சார்?" என்று ஒருவன் ஸ்ட்ரைக்கரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

அவரைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னேன். கோயில் இல்லை சார், பெண்கள் ஒதுங்குகிற இடம். மகளைப் பற்றியும் சம்பந்தியைப் பற்றியும் சொன்னேன். அவர் காது சிவந்தது. தன் காலைப் பார்த்துக்கொண்டார். வெல்டிங் அண்ணன் பெரிய மனது பண்ணிச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"செருப்ப கயட்டிட்டா சார் போனீங்க?"

சிரித்து முடித்ததும் வழக்கு ஆரம்பமாயிற்று. வங்கிக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. மழைக்கு முன் நாற்று வைக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. மிச்சமிருக்கும் அலையாத்தியும் இந்த வருடத்தைத் தாண்டுமோ தாண்டாதோ. கழிப்பறைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி மனு எழுதலாம், அது வேறு, இது வேறு. அவர் சொன்னதில் பிழை இல்லை. செடிக்குப் பேச அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை.

"சார்" என்றார் வெல்டிங் அண்ணன், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு. "செடிய அடுத்த வருசம் நட்டுக்கலாம். அந்தப் புள்ள அடுத்த வருசம் பொறக்கறேன்னு சொல்லுமா?"

வங்கிக்காரர் முள் தைத்த காலைத் தடவிக்கொண்டார். பிறகு, எவ்வளவு மறைப்பு வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள், அதை விட்டுவிட்டு மீதியை எடுப்போம், பிரசவம் முடிந்து தாழை ஆள் உயரம் வளர்ந்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம் என்றார். அப்படித்தான் முடிவாயிற்று.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த காலைப்பொழுதைப்போல அந்தக் குழுவில் நான் சிரித்ததில்லை. தெருவுக்கும் தெரியக் கூடாது, ஆற்றில் போகும் படகுக்கும் தெரியக் கூடாது. ஆகவே நான் உள்ளே உட்கார்ந்தேன். அம்மாக்காரி கொழுந்தனாரின் படகைக் கேட்டு வாங்கி, தானே கோல் போட்டு ஆற்றில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தெருப் பக்கம். மகள் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் குரல் கொடுத்தாள்.

"மஞ்ச தெரியுது! துப்பட்டாவ இழுத்துக்க!"

"இப்ப?"

"தல தெரியுது. நல்லா குந்துக்கா, ஆபீஸ்ல நாற்காலில குந்தற மாரி குந்துனா எப்டி!"

"யாரு தலைன்னு தெரியுதா?" என்று ஆற்றிலிருந்து அம்மா.

"மொகரக்கட்ட தெரியல!"

"அப்ப போதும் வுடு! மொகரக்கட்ட தெரியாட்டி எவளோன்னு போய்க்கினே இருப்பான்."

எந்தெந்த மரம் மறைக்கிறதோ அதற்கெல்லாம் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. மகள் தன் பழைய சிவப்புப் புடவையைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தாள். மரத்துக்கு ஒரு பட்டை. வெல்டிங் அண்ணன் டீக்கடையில் தெரு ஆண்களை அரசியல் பேச்சில் பிடித்து வைத்திருந்தார். வங்கிக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்கொத்தியைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ பறந்துவிட்டது.

சிவப்புப் பட்டை இல்லாதவற்றைக் கெல்லினோம். வெட்டுப்பட்ட கருவேலத்தின் நெடி உடம்பெல்லாம் ஏறியது. முட்டிவரை சேற்றில் நின்று, அலையாத்தி நாற்றை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் பள்ளம் செய்து ஊன்றினோம். அலை வந்து தொடும்போது செடிகள் தலையை ஆட்டிப் பிறகு நேராக நின்றன. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றது. வாரக்கணக்கில் அந்தப் பக்கம் போகவில்லை.

மழை விட்டு நாங்கள் போனபோது முள்காட்டின் முகப்பில் ஒரு தகரக் கொட்டகை நின்றது.

அதனடியில் மூன்று செங்கல், மஞ்சள் பூசி. ஒரு சூலம். எலுமிச்சம்பழம். சிவப்புப் பட்டை கட்டிய மரங்களுக்கெல்லாம் குங்குமம். அவற்றுக்கு மேலே புதுசாக இன்னும் பல சிவப்புத் துணிகள், வேண்டுதலாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டில் குட்டித் தொட்டில்கூடத் தொங்கியது. கேரம் பலகையை டீக்கடையிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். சாமிக்குக் காவலாக நாள் முழுக்க நாலு வாலிபர்கள். தகரத்தில் ஒரு பலகை: முள்ளம்மா ஆலயம், செருப்பை வெளியே விடவும், அசுத்தம் செய்யாதீர்.

வங்கிக்காரர் கொட்டகைக்கு வெளியே செருப்போடு நின்றார்.

"தம்பி, அன்னைக்கு நான் தெரியாம சொல்லிட்டேன். இது கோயில் இல்லை."

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? நீங்க சொன்னப்பறந்தான எங்களுக்கே தெரியும்! சரி, போய்ப் பாக்கலாம்னு வந்தா மரத்துக்கு மரம் செவப்புத் துணி கட்டிக் கீது. யாரு கட்னது அத்த?"

எங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா!" என்றான் அவன், மற்றவர்களைப் பார்த்து. "இம்மா வருசமா தெரியாம இந்த எடத்த கலீஜ் பண்ணிகினு இருந்துருக்காங்க சார். அம்மா பொறுத்துகினு இருந்துருக்கா."

பெண்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இனி ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று எங்களுக்கும் சேர்த்துச் சொன்னான். நாங்கள் வேரோடு பிடுங்க வந்த சீமைக்கருவேலத்துக்கு அந்தக் கரையிலேயே பலத்த பாதுகாப்பு கிடைத்துவிட்டது. கீழே, சேற்றில், எங்கள் நாற்றுகளில் பாதிக்குமேல் உயிரோடு இருந்தன. வங்கிக்காரர் குனிந்து ஓர் இலையின் அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். இறாலும் இல்லை, சிரிப்பும் இல்லை. அடுப்பில் பொங்கல்.

"சாமிக்கு. நான்தான வெக்கணும், என் வாயிலதான வந்துச்சு. வெள்ளிக்கெழம ஆனா கத கேக்க வந்துடறாங்க. மாமியா காலத்துல இன்னா நடந்துச்சு, எப்டி வந்தா, இன்னா கேட்டான்னு. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் சேத்து சொல்ல வேண்டிகீது."

"இப்ப எங்கக்கா போறீங்க?"

"தண்டவாளத்துக்கு அந்தாண்ட. விடியறதுக்கு முன்னால போய்ட்டு வந்துடணும். நாங்க போய்டுவோம். இதான்..." மகளைக் கண்ணால் காட்டினாள். மகள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் மஞ்சள் பற்று. ஜல்லிக்கல்லில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். ஒன்றும் இல்லை, தோல் சிராய்த்தது அவ்வளவுதான், ஆஸ்பத்திரியிலும் காட்டியாயிற்று. ஆனால் சேதி எம்.கே.பி. நகருக்கு எட்டிவிட்டது.

"நான் வேணா அந்தப் பசங்ககிட்ட நேரா சொல்லட்டுமா?" என்றேன்.

"இன்னான்னு சொல்வ?" குரலை உயர்த்தவில்லை. "நாங்க எங்க குந்தறோம்னு அந்தப் பொறம்போக்குங்களாண்ட சொல்வியா? நாளிக்கு என் மவ தெருவுல போவசொல்ல அதுங்க பாத்துச் சிரிக்கும். பொய் சொன்னது நானுன்னும் ஆவும். வாணாம்."

மகள் கட்டிலிலிருந்து, "அக்கா, ஒரு தொட்டில் நானும் கட்டிட்டு வந்தேன் தெரியுமா?" என்றாள். "பொய்யோ நெஜமோ, எதுக்கு வம்பு?"

"வாய மூட்றி" என்றாள் அம்மா. சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம்தான்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகத்தான் போனேன். குழு பழவேற்காட்டுப் பக்கம் வேறொரு வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தது. அலையாத்திக்கு வேலி கட்டிய கம்பிகளைக் கழற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்தத் தெருவுக்கு நான் போனது அதுவே கடைசி என்று அன்று எனக்குத் தெரியாது.

தெருமுனையில் ஆட்டோ நின்றது. மருமகன் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். நல்ல பையன், யார் கண்ணையும் நேராகப் பார்க்காமல் வேலை செய்தான். பழம்புடவைகளைத் துவைத்து மடித்த மூட்டை ஒன்று, பிள்ளைக்கென்று அம்மா சேர்த்து வைத்தது. பிரசவ லேகியம் கிண்டி நிரப்பிய ஹார்லிக்ஸ் பாட்டில். மகள் ஏறுவதற்கு அம்மா கை கொடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், பிள்ளை பெறும் முன்பே திரும்புவதை அந்தத் தெரு அதுவரை பார்த்திருக்காது.

"நீங்களும் அங்கயே இருப்பீங்களாக்கா?"

"ஒரே ரூம்பு. சம்பந்தி எதிர்ல எத்தினி நாளு குந்திகினு இருக்கறது? வுட்டுட்டு சாயங்காலம் வந்துடுவேன். வலி கண்டா ஆள் அனுப்புவாங்க. அனுப்பினா." கொட்டகையிலிருந்து ஒருவன், "இன்னாக்கா, அம்மன கும்புட்டு போவலியா?" என்று கத்தினான். அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆட்டோவில் ஏறி மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, புள்ளைக்கு முள்ளம்மான்னு பேரு வெக்கச் சொல்றாங்க எல்லாரும்" என்றாள் மகள் என்னைப் பார்த்து.

"பொறக்கறது ஆம்பளையா இருந்தா?" என்றேன்.

"அப்ப தப்பிச்சான்."

வண்டி உறுமியது. அம்மா சட்டென்று டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தினாள். என்னை அருகே வரச் சொல்லித் தலையை வெளியே நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"கம்பிய கயட்ட நேரம் ஆவுமே, நீ எங்க போவ? தண்டவாளம் தாண்டுனா ஒரு ஒடஞ்ச சொவுரு கீது, அதுக்குப் பின்னால போ. வேட்டி கட்ன எவனும் இல்லன்னு பாத்துட்டுப் போ. ஒங்க ஆளுங்களாண்ட மட்டும் சொல்லிடாத."